மஞ்சள் உடுப்பில் இஸ்திரியக்கா

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் இரண்டு கைகளும் வெந்த கிழங்கு மாதிரி உரிந்தன. கொடுத்திருந்த ரப்பர் கையுறைக்குள் வியர்வையும் சோப்புக் காரமும் சேர்ந்து தோலைத் தின்றுகொண்டிருந்தன. வாய் திறந்தால் வேலைக்கு லாயக்கில்லை என்று அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு நாள் காலையில் கையுறைக்குள் விரலை நுழைத்தால், உள்ளே மெத்தென்று இன்னொரு கையுறை. பழைய போர்வைத் துணியில் தைத்தது. யார் வைத்தது என்று விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. கடவுள்தான் யாரையோ பிடித்துத் தைக்க வைத்திருக்கிறார் என்று நன்றி சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

பல மாதம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் இஸ்திரியக்கா தன் மேலங்கியின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள். அதே கோணல் தையல். "அக்கா, அந்தக் கையுறை..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்குத் தையலே வராதும்மா. பார்த்தா தெரியலை?" என்று அந்தக் கிழிசலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இஸ்திரியக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். ஈரப் படுக்கை விரிப்புகளைச் சூடான பெரிய உருளைக்குள் கொடுக்கிற வேலை அவளுக்கு. மறுபக்கம் அது காய்ந்து பளபளவென்று வரும்போது வாங்கி மடிக்கிற வேலை எனக்கு. அதனால் என்னை அவள் "மடிப்பு" என்றுதான் கூப்பிடுவாள். குள்ளமான உருவம், அகலமான தோள். குரலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பக்கத்துத் தெருவில் யாராவது தூங்கினால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்தக் குரலும் சலவைக்கூடத்துக்குள் எடுபடாது. மெஷின்கள் ஓட ஆரம்பித்தால் இடி விழுந்தாலும் கேட்காது. ஆகவே எங்கள் எல்லோருக்கும் கை பாஷை உண்டு. உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் மெதுவாகப் போ. ஒரு விரலைச் சுழற்றினால் துணியைத் திருப்பு. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்கே போட்டால், துணி சிக்கிக்கொண்டது, எல்லாவற்றையும் நிறுத்து என்று அர்த்தம். அதைப் பார்த்தால் எவரும் ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. பாய்லர் அண்ணன் ஓடிப்போய் ஆவிக் குழாயின் திருகை மூடிவிடுவார். தாமதித்தால் துணியோடு கையும் உள்ளே போய்விடும்.

இப்படிக் கொதிக்கிற ஆவியோடு காலம் தள்ளிய அக்காவை, வெயில்தான் வென்றது. முடி நரைக்கத் தொடங்கிய வயதில் ஒரு நோய் வந்தது. வெயில் பட்ட இடமெல்லாம் சிவந்து கொப்புளம் கட்டும். உருளைச் சூடு ஒன்றும் செய்யாது, காலை வெயில் கன்னத்தில் பட்டால் மூன்று நாளைக்குத் தூக்கம் போய்விடும். தோல் டாக்டர், பகலில் வெளியே போனால் உடம்பை மூடிக்கொண்டு போங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து குடை, முழுக்கை, முக்காடு.

வருஷத்துக்கு ஒரு தடவை எங்களில் பாதிப் பேர் வேலையைப் பார்த்துக்கொள்ள, பாதிப் பேர் இரண்டு நாள் கடற்கரைக்குப் போய் வருவோம். அக்காவும் வருவாள். வந்து என்ன? திரை போட்ட பஸ்ஸுக்குள் எல்லோருடைய பைகளுக்கும் காவல் இருப்பாள். இருட்டிய பிறகு இறங்கலாம் என்றால், பொழுது சாய்ந்தால் கடலில் கால் வைக்கக் கூடாது என்று பெரிய பலகையே வைத்திருந்தார்கள்.

அவள் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற வருஷம் அது. அதற்குப் பிறகு புருஷனோடு மகள் வீட்டுக்குப் போகப்போகிறாள். மகள் இருப்பது மலையூர். கடலைப் படத்தில்தான் பார்க்கலாம்.

"மடிப்பு, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்," என்றாள் ஒரு நாள். "கழுத்து வரைக்கும் கடல்ல நிக்கணும். ஒரே ஒரு தடவை. பைக்குக் காவல் நின்னது போதும்."

நான் அன்று முதல் மேகத்துக்காகக் கடவுளை வேண்ட ஆரம்பித்தேன். அக்கா அவரை மட்டும் நம்பாமல் டாக்டரையும் கேட்டிருக்கிறாள். வெயில் உள்ளே போகாத துணியில் நீச்சல் உடுப்பு இருக்கிறது, மணிக்கட்டிலிருந்து கணுக்கால் வரை மூடும், குல்லாவும் சேர்ந்தே வரும், முகத்துக்கு மட்டும் களிம்பு பூசிக்கொள்ளுங்கள் என்றாராம்.

வாங்க நானும் கூடப் போனேன். கடைக்காரப் பெண் அக்காவின் உயரத்தைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் பக்கம் கூட்டிப்போனாள். நெஞ்சில் சிரிக்கிற மீன் போட்ட ஒரு உடுப்பு. அக்கா போட்டுப் பார்த்தாள். உயரம் கச்சிதம். அகலத்தில் மீன் திமிங்கலமாகிவிட்டது. பெரியவர்கள் அளவில் அன்றைக்கு ஒரே நிறம்தான் இருந்தது. எலுமிச்சை மஞ்சள்.

வீட்டில் அதைப் போட்டுக்கொண்டு அக்கா வெளியே வந்தபோது, அத்தான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"எங்கே தீப்பிடிச்சிருக்கு?" என்றார்.

"உங்க வாயில," என்றாள் அக்கா.

அதோடு விட்டிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. எங்கள் சலவைக்கூடத்தில் பட்டை இல்லாத துணி அநாதைத் துணி. ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு நிறத்தில் ஓரப் பட்டை தைத்திருப்போம். சிவப்பு, தொற்றுநோய் வார்டுக்கு. சிவப்புப் பட்டையைக் கண்டால் எங்களில் ஒருவரும் வெறுங்கையால் தொட மாட்டோம். தங்குகிற இடத்தில் இருபது பேர் துணியும் ஒரே கொடியில் காயுமே, தன் உடுப்பு கை மாறிவிடக் கூடாதே என்று, அக்கா கழுத்திலும் இரண்டு கைகளிலும் சிவப்புப் பட்டை வைத்துத் தைத்துவிட்டாள். கோணலாகத்தான். தூரத்திலிருந்து பார்த்தால் கோணல் தெரியவில்லை. அதுதான் கெடுத்தது.

போகிற அன்று மேகம் ஒன்றுகூட இல்லை. வானம் துவைத்துப் போட்ட மாதிரி இருந்தது. பஸ்ஸிலிருந்து அக்கா அந்த உடுப்போடு இறங்கினாள். முகத்தில் வெள்ளைக் களிம்பு சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த கணக்காக இருந்தது. பாய்லர் அண்ணன் ஊதாப் பூப்போட்ட சட்டையில் மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தார்.

"இஸ்திரி, நிலாவுக்கா கிளம்பிட்டே? கடலுக்கு இந்தப் பக்கம்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"நிலாவுல பூச்செடி வைக்க ஆள் எடுக்கறாங்களாம். உங்க சட்டையைப் பார்த்தா உடனே வேலை குடுப்பாங்க," என்றாள் அக்கா. இப்போது அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் மணலில் நடக்கும்போது அவள் என் கையை விடவே இல்லை. "எல்லாரும் பார்க்கறாங்களா?" என்று குனிந்தபடியே கேட்டாள். பார்க்கிறார்கள்தான். "இல்லக்கா," என்றேன். கடவுள் மன்னிப்பார்.

பைகளோடு நான் குடைக்கடியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தண்ணீர் என்றால் பயம். அண்ணன் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினார். உள்ளே போட்டிருந்த பனியனில் துணியைவிட ஓட்டை அதிகம். அதை மறைக்கக் கழுத்து வரை தண்ணீரில் உட்கார்ந்துகொண்டார்.

அக்கா முழங்கால் ஆழத்தில் நின்றாள். உடனே ஒரு அப்பா இரண்டு பிள்ளைகளோடு வந்து, "இங்க இறங்கலாங்களா?" என்று பணிவாகக் கேட்டார்.

"என்னைக் கேட்டா? ஓரமா நில்லுங்க, அதான் நல்லது," என்றாள் அக்கா. அவர்கள் ஓரமாக நின்றார்கள். ஒரு அம்மாள் தன் மூக்குக் கண்ணாடி தண்ணீரில் விழுந்துவிட்டது என்று வந்து முறையிட்டாள். அக்கா குனிந்து துழாவி எடுத்தே கொடுத்துவிட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தூரத்து உயர மேடையில் உட்கார்ந்திருந்த காவல்காரரைக் கவனித்தேன். மஞ்சள் உடுப்பு. கழுத்திலும் கையிலும் சிவப்பு.

அதற்குள் அக்கா இடுப்பளவுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு அலை அடித்தது. உடுப்புக்குள் காற்று புகுந்து முதுகு பூசணிக்காயாக உப்பியது. குல்லாவின் கயிறு பின்பக்க ஜிப்பில் மாட்டிக்கொண்டு தலையை இழுத்தது. அவளால் குனியவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. கரையில் என்னைத் தேடினாள். அத்தனை அலைச் சத்தத்தில் குரல் எடுபடாது என்று அவளுக்குத் தெரியும். பழக்க தோஷம். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்கே போட்டாள்.

சிக்கிக்கொண்டது, எல்லாவற்றையும் நிறுத்து.

கடல் காலியாகிவிட்டது. அப்பாக்கள் பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். மிதவை, பந்து எல்லாம் அலையில் அநாதையாக மிதந்தன. எங்கள் ஆட்கள்கூட ஓடி வந்தார்கள், அதுவும் முதல் ஆளாக. பாய்லர் அண்ணன் மட்டும் எழுந்து நின்று, இல்லாத திருகை வலது பக்கம் திருகு திருகென்று திருகிக்கொண்டிருந்தார். பனியன் ஊருக்கே தெரிந்தது. சுதாரித்ததும் மறுபடி தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டார்.

யாருமே தன்னைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தவள், முழுக் கடலும் தனக்கே என்று நின்றாள். முழுக் கரையும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

காவல்காரர் மிதவையோடு பாய்ந்து வந்தார். இளைஞர்தான். "எங்கே? யார் மூழ்கினது?"

"யாரும் மூழ்கலை தம்பி. கயிறு ஜிப்புல மாட்டிக்கிச்சு. கொஞ்சம் எடுத்து விடேன்."

எடுத்துவிட்டார். பிறகு மேலும் கீழும் பார்த்தார். "நீங்க எந்தப் பிரிவு?"

"இஸ்திரிப் பிரிவு," என்றாள் அக்கா.

அவர் முகம் கோபத்துக்கும் சிரிப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. "தொண்டை கிழிய விசில் ஊதறேன், ஒருத்தர் திரும்பிப் பார்க்கறதில்லை. நீங்க கையைத் தூக்கினதும் மொத்தக் கூட்டமும் ஓடுது. இந்த உடுப்போட நீங்க தண்ணியில நிக்கக் கூடாதும்மா. நாளைக்கு நிஜமாவே ஒருத்தர் மூழ்கினா உங்களைத்தான் நம்பிக் கூப்பிடுவாங்க. ஒண்ணு இதைக் கழற்றுங்க. இல்லேன்னா கரைக்கு வாங்க."

கழற்றினால் வெயில். கரைக்கு வந்தால் பஸ். அக்காவின் களிம்பு பூசிய முகம் வெறும் முகமாகத் திரும்பிக் கரையைப் பார்த்தது. அப்படி அவளை நான் பார்த்ததே இல்லை.

என் மடியில் பாய்லர் அண்ணனின் ஊதாப் பூச்சட்டை இருந்தது. நான் எழுந்தேன். எப்படி எழுந்தேன், எப்படி நடந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடவுள் பேரைச் சொல்லிக்கொண்டே உடுத்திய துணியோடு தண்ணீருக்குள் இறங்கினேன். ஜில்லென்று முழங்காலைப் பிடித்தது, இடுப்பைப் பிடித்தது.

"இதை மேலே போட்டுக்கக்கா," என்றேன்.

"அது என் சட்டை!" என்று அண்ணன் தண்ணீருக்குள்ளிருந்து கத்தினார்.

"எழுந்து வந்து வாங்கிக்குங்க," என்றாள் அக்கா. அவர் எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பொத்தானைப் போடு, அலை பிடுங்கிடும்," என்றார்.

சட்டை அக்காவுக்கு முழங்கால் வரை வந்தது. மஞ்சளும் சிவப்பும் மறைந்து, குல்லா வைத்த ஒரு ஊதாத் தோட்டம் நின்றது. காவல்காரர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இப்ப எந்த மனுஷனும் உங்களை நம்ப மாட்டான். தாராளமா நில்லுங்க. கையை மட்டும் தூக்கிடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் திரும்ப இறங்கியது. அக்கா ஓரடி ஓரடியாக முன்னே போனாள். மார்பு, தோள், கழுத்து. அங்கே நின்றாள். தாடைக்குக் கீழே கடல். பூச்சட்டை அவளைச் சுற்றிப் பூவாகவே விரிந்து மிதந்தது. நான் இடுப்பளவில் நின்றே பார்த்தேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அலை வந்தால் எழும்பினாள், போனால் தாழ்ந்தாள். எனக்கு அது ஜெபம் பண்ணுகிற மாதிரி இருந்தது. பிறகு கண்ணைத் திறந்து, "மடிப்பு, உப்புக் கரிக்குதுடி!" என்று ஊரைக் கூட்டினாள். கரையோரத் தண்ணீரில் நின்ற ஒன்றிரண்டு பேர் பழக்கத்தில் திரும்பவும் வெளியே ஓடினார்கள்.

தங்குகிற இடத்துக்குத் திரும்பும்போது பஸ்ஸின் திரைகள் எல்லாம் மூடியிருந்தன. அக்காவுக்காக முதலில் எழுந்து மூடியவர் பாய்லர் அண்ணன். போர்த்திக்கொள்ள எங்கள் ஆஸ்பத்திரி விரிப்புதான் இருந்தது அவருக்கு.

மாதக் கடைசியில் அவர்கள் மலையூருக்குக் கிளம்பினார்கள். வழியனுப்பப் பஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். அத்தான் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். மருந்து எடுத்தாச்சா, குடை எடுத்தாச்சா என்று கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தேன். பஸ் உறுமியது. அக்கா ஜன்னல் திரையைக் கொஞ்சம் விலக்கி, ஒரு பொட்டலத்தை என் கையில் திணித்தாள். பிரித்தால் உள்ளே நீச்சல் உடுப்பு. என் அளவு. எலுமிச்சை மஞ்சள்.

"எனக்கு எதுக்குக்கா? நான் இடுப்புக்கு மேல போக மாட்டேனே," என்றேன்.

பஸ் நகர்ந்தது. பஸ்ஸின் உறுமலையும் மீறிக் கேட்கிற அந்தக் குரலில் அக்கா கத்தினாள்:

"அடுத்த வருஷம் கழுத்து வரைக்கும் போ! பட்டை நீயே தச்சுக்கோ. சிவப்பு மட்டும் வேண்டாம்!"