பின்னாலிருந்து கூப்பிட்டவள்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நான் நம்பினேன். ஒன்றுமே தெரியாது என்று எங்கள் மீனவ ஊரான நல்லவாடு நம்பியது.

படகு கவிழ்ந்து சித்தப்பா இறந்த பிறகு, அவருடைய பதின்மூன்று வயது மகள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். இஞ்சின் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வாள். சித்தி மூன்று தாயத்து கட்டினாள். அதற்கெல்லாம் ஆதாரம் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆராய்ந்து பார்த்துப் பலன் கண்ட சிகிச்சை என்று நான் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும், பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஆதாரம் தேவைப்பட்டது.

"ஊசி போட்டாங்களாடி?"

"இல்லக்கா."

"மாத்திர?"

"இல்ல. பேசச் சொன்னாங்க."

"இதுக்கா பஸ் ஏறிப் போனீங்க? நாங்க சும்மாவே பேசறோமே!"

பேசினார்கள்தான். அவளைத்தான் பேச விடவில்லை. அப்பா என்று வாயெடுத்தாலே யாராவது மிட்டாய் கொடுத்துவிடுவார்கள். தெருமுனைப் பெட்டிக்கடை அந்த வருடம் நன்றாக ஓடியது.

ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகர் முதலில் அவளுக்கு நிதானமாக மூச்சுவிடப் பழக்கினார். சில வாரம் கழித்து, நடந்ததை அவளையே சொல்லச் சொன்னார். அன்று காலை அப்பா மறந்துபோன பீடிக்கட்டோடு கரைக்கு ஓடி, அவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கிறாள். கடலுக்குப் போகிறவரை அப்படிக் கூப்பிடக் கூடாது என்பது எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும்.

"நான்தான் அவர சாவடிச்சேன்."

"அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று உடனே விளக்கினேன். ஆலோசகர் என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார். என் பட்டத்துக்குக் கிடைத்த மரியாதை.

அடுத்து, அதை அவள் அம்மாவிடம் சொல்ல வேண்டும். சித்தி இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாவது வாரம் மீன் கூடையோடு வந்தாள். வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னதால் என்னையும் உள்ளே விட்டார்கள்.

மகள் சொல்லி முடித்தாள். சித்தி கூடையைக் கீழே இறக்கி வைத்தாள்.

"அடிப்பாவி, அன்னிக்கி உனுக்கு முன்னாலயே நான் கூப்ட்டேன்டி. வூட்டு சாவிய எடுத்துகினு போறாருன்னு. தெனமும்தான் கூப்டுவேன். தெனமும் திரும்பி வந்தாரே!"

நான் வாயைத் திறக்கவில்லை, அது எனக்குச் சாதனை.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள்: "தெனமுமாம்மா?"

"பின்ன? அந்த மனுசன் என்னிக்கி எதையும் மறக்காம போனாரு?"

அவள் சிரித்தாள். பிறகு ஊர் வந்து சேரும் வரைக்கும் அழுதாள். யாரும் மிட்டாய் வாங்கித் தரவில்லை.

இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மூன்றாவது தாயத்துதான் வேலை செய்தது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா.