அந்தோணி அண்ணனுக்கு வாய்த்த கல்லீரல்

ரத்தம் எடுக்கிற வேலையில் ஊசி குத்துவது கஷ்டமில்லை. அடுத்தவர் ரிப்போர்ட்டைப் பார்த்து வயிறு எரியாமல் இருப்பதுதான் கஷ்டம். தினமும் விடியற்காலையில் வேர்க்க விறுவிறுக்க நடந்தும் கொழுப்பு குறையாமல் முழிக்கிற என் இனத்தாருக்கு இது புரியும்.

பிரியாணிக்காரர்

எங்கள் லேப் ஆலங்காயத்தில். ஜவ்வாது மலை ஊர்களுக்கு முகாம் போகும்போது வேன் ஓட்டுபவர் அந்தோணி அண்ணன். வேனில் ஏறினால் உட்கார்ந்திருப்பார், இறங்கினால் சாப்பிடுவார். பிரியாணிக்காகவே வாணியம்பாடி வரை போய் வருகிற மனிதர். நானோ எண்ணெயைக் கண்ணால் பார்ப்பதோடு சரி.

புது மெஷின் வந்த அன்று சோதனைக்காக எங்கள் இருவர் ரத்தத்தையும் போட்டேன். எனக்குக் கெட்ட கொழுப்பு எகிறிக் கிடந்தது. அவருக்குப் பச்சைப் பிள்ளையின் ரத்தம். எனக்குத் திக்கென்றது. என் அப்பா நாற்பதைத் தாண்டிய கொஞ்ச நாளிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. நானும் அந்த வயதை நெருங்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் பல்லைக் குத்தியபடி ஆறுதல் சொன்னார்: “எங்கப்பா எம்பது வயசுலயும் எலும்பக் கடிக்கிறாரும்மா. நீ இன்னா, கொஞ்சம் நடந்தா கொறஞ்சிடப் போவுது!”

வெறும் வயிறு

மலை முகாமில் எல்லோரையும் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தோம். முனியம்மா என்ற பெண், ஒரு மேடு ஏறி இறங்கி மூச்சுகூட வாங்காமல் வந்து நின்றார். ஒன்றும் சாப்பிடவில்லை என்றார். ரத்தம் எடுத்து முடித்த பிறகுதான், வரும்போது ஒரு சொம்பு கூழ் குடித்ததாகப் பேச்சுவாக்கில் சொன்னார். அங்கே கூழ் சாப்பாட்டுக் கணக்கில் வராது.

அந்த ரத்தம் உதவாது என்று தெரிந்தும் வேனிலிருந்த மெஷினில் போட்டுப் பார்த்தேன். பட்டினி கிடந்த என்னைவிட, கூழ் குடித்த அவருக்கு, சாப்பிட்டால் ஏறுகிற டிரைகிளிசரைடு கொழுப்பு குறைவு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தையும் சேர்த்து, நாளைக்குத் திரும்ப வரவேண்டும் என்று கத்தினேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்: “கூழு குடிச்சதுக்கா இந்தக் கத்து கத்துற? நான் இன்னா சோறா துன்னேன்?”

ஓட்டக்காரன்

கோவிந்தன் போலீஸ் வேலைக்காகக் கொண்டை ஊசி வளைவுகளில் ஓடிப் பழகும் மலைப் பையன். உடம்பில் கிள்ளிப் பார்க்கச் சதை கிடையாது. ஆனால் கெட்ட கொழுப்பு, அச்சு அசல் என்னுடையது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவன் அப்பாவும் சின்ன வயதிலேயே சாமை வயலில் சுருண்டு விழுந்து போனவர் என்று கேட்டதும்தான் அந்தச் சந்தோஷம் வடிந்தது. என் அப்பாவும் அப்படித்தான் என்றேன்.

எங்கள் டாக்டரம்மா அவனுக்கு விளக்கினார். ஓடுவதால் நல்ல கொழுப்பு ஏறியிருக்கிறது. ஓடாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஆனால் கெட்டதைக் கழிக்க வேண்டிய கல்லீரல் பரம்பரையாக மந்தம், அதற்கு ஓட்டம் மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும். இதையேதான் எனக்கும் சொல்லியிருந்தார். அந்தோணி அண்ணன் போடாத மாத்திரையை நான் மட்டும் ஏன் போட வேண்டும் என்ற வீம்பில் இன்னும் வேகமாக நடந்துகொண்டிருந்தேன்.

கோவிந்தன் அன்றே மாத்திரையை ஆரம்பித்துவிட்டான். அடுத்த முகாமில் அவன் கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. இப்போது அவன் மேலும் பொறாமை. ரிப்போர்ட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டு அக்கறையாகக் கேட்டான்: “ஒங்கப்பாவும் அப்டித்தான் போனாருன்னு சொன்னீங்களே, நீங்க இன்னா மாத்திர போட்றீங்கக்கா?”

அன்று முதல் மாத்திரையும் நடையுமாக, அப்பா பார்க்காத வயதையும் பார்த்துவிட்டேன். அந்தோணி அண்ணன் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது வருகிற வயிற்றெரிச்சலுக்குத்தான் டாக்டரம்மா இன்னும் மாத்திரை எழுதித் தரவில்லை.