காப்புக் கட்டிய கையும் காலை மாத்திரையும்

கம்பத்திலிருந்து ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எடுப்பது என் வேலை; பழுத்த காய் எது என்று தொட்டுச் சொல்லிவிடுவேன், என் மூளைக்குள் நடந்ததைத்தான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆறாம் வகுப்போடு நின்றவள். மாத்திரையும் கையுமாக வேலைக்குப் போகிற உங்களுக்குப் புரியும் என்றுதான் எழுதுகிறேன்.

நிற்காத தாகம்

மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்து, இரண்டு மாதம் கழித்து மறுபடி ஜீப் ஏறினேன். அடங்காத தாகம். இரண்டு பாட்டில் குடித்தும் நாக்கு வறண்டது. மலை ஏறுவதற்குள் மூன்று முறை இறங்கிப் புதருக்குள் ஓடினேன். சர்க்கரையோ என்று பார்த்தால் அதுவும் இல்லை. மூன்றாவது முறை டிரைவர் தம்பி சொன்னார்: "மலையில இருந்துதான் இங்கன தண்ணி வரும். நீங்க ஒருத்தருதான்க்கா இங்கன இருந்து அங்கன கொண்டு போறீக."

தலைக்குள் ஒரு கங்காணி

தேனியில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பியாம். மற்ற சுரப்பிகளை வேலை வாங்குவது அதுதானாம். காய்ச்சல் அதைக் கெடுத்துவிட்டது. அதனால்தான் தாகம், அசதி, குளிர் எல்லாம். தாகத்துக்கு ஒன்று, உடம்பு தாங்குவதற்கு ஸ்டீராய்டு ஒன்று என்று மாத்திரை கொடுத்தார். "ஸ்டீராய்டை ஒருநாளும் விடக்கூடாது. காய்ச்சல் வந்தால் இரண்டு பங்கு" என்றார். கூட வேலை பார்க்கும் செல்வியிடம், கூலிக்காரர்களை வேலை வாங்கும் கங்காணி இல்லாத தோட்டம் மாதிரி என்று விளக்கினேன். அவள் சொன்னாள்: "ஏத்தா, கங்காணி வரலேன்னா உக்காந்துக்கிறதுக்கு, உன் சுரப்பியும் நம்மளை மாதிரிதானா?"

மூன்றாம் நாள்

போன வருஷம் அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினேன். காப்போடு இருக்கும்போது இங்கிலீஷ் மருந்து தொடமாட்டோம். மறுநாள் காய்ச்சல் வந்தது; ஆத்தாதான் வந்திருக்கிறாள் என்று கும்பிட்டுக்கொண்டேன். இரண்டு பங்கு போடவேண்டிய நேரத்தில் ஒன்றுகூடப் போடவில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சலோடு வேலைக்குப் போன இடத்தில் வாந்தி. ஏலச்செடிக்குள் விழுந்தேன். செல்வியும் டிரைவரும் கம்பம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் உயிர் இருக்காது என்றாராம் டாக்டர். ஊசி ஏறிக் கண் விழித்தபோது, என் காப்புக் கையைப் பிடித்துக்கொண்டு செல்வி கேட்டாள்: "மாத்திரை வேணாம்னு ஆத்தா உங்கிட்ட வந்து சொன்னாளாக்கும்?"

இப்போது இடுப்புச் சுருக்குப்பையில் மாத்திரையும் டாக்டர் எழுதிய சீட்டும் இருக்கின்றன. நான் விழுந்தால் என்ன செய்வது என்று ஜீப்பில் எல்லாருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். இந்த வருஷம் காப்புக் கட்டிய கையாலேயே மாத்திரையைப் பிரித்துப் போட்டேன், ஆத்தா ஒன்றும் கேட்கவில்லை, செல்விதான் ஜீப் ஏறும் முன்னே "போட்டியா?" என்று தினமும் கேட்கிறாள்.