விசில் கேட்காத டாக்கீஸ்

"...அதுக்குத்தான் சொல்றேன், அந்தப் படத்துல ஹீரோவே வாயைத் திறக்கமாட்டானாம். நமக்கும் இப்ப அதானே வசதி? கிளம்புப்பா!" என்றார் தனபால் அண்ணன். பிழைக்க வந்த இந்தக் கன்னட ஊரில், ஒக்கலிபுரத்தில் எனக்குப் பக்கத்து வீடு, லேத்துப் பட்டறை வேலை. காவிரிக் கலவரம் அடங்கிச் சில வாரம்தான் ஆகியிருந்தது. அண்ணியையும் பிள்ளைகளையும் ஜோலார்பேட்டைக்கு அனுப்பியிருந்தார். திரும்ப அழைப்பதா, வீட்டையே காலி செய்வதா என்று அவருக்குள் ஓயாத வழக்கு. "கொட்டகை எப்படியோ ஊரும் அப்படி. போய்ப் பார்த்துட்டு முடிவு பண்றேன்" என்றார்.

ஊரிலிருக்கும் பெரியவர்களே, வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லித்தானே எங்களை ரயிலேற்றினீர்கள்? இங்கே அப்போது வாயை மூடிய பிள்ளைதான் பிழைத்தது. பஸ்ஸில் சில்லறையை நீட்டிவிட்டு, இறங்கும் இடத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டுவோம்.

சிவாஜிநகர் டாக்கீஸில் தமிழ்ப் படங்களை நிறுத்திவிட்டு, பழைய இங்கிலீஷ் கௌபாய் படம் ஒன்றை ஓட்டினார்கள். மேட்னி ஷோ, கூட்டம் நிறைந்திருந்தது. திரையில் ஒற்றை ஆள் துப்பாக்கியோடு குதிரையில் வருகிறான். ஊர் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்கின்றன. வேறு நாளாயிருந்தால் காகிதம் பறந்திருக்கும், விசில் காதைக் கிழித்திருக்கும். அன்று புரொஜெக்டர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் மூன்று பேரைச் சாய்த்தபோதும் ஒரு கை தட்டவில்லை. கை தட்டினால்கூடத் தமிழில் தட்டியதாகிவிடுமோ என்று பயந்தோமோ என்னவோ. திரையிலும் சாத்திய ஜன்னல்கள், இங்கேயும் சாத்திய முகங்கள்.

அண்ணனுக்கு அடுத்த இருக்கைக்காரர், "டைம் எஷ்டாய்த்ரீ?" என்று கன்னடத்தில் மணி கேட்டார். அண்ணன் பேசாமல் அந்த இருட்டில் வாட்சை நீட்டினார். அவருக்கு என்ன தெரிந்ததோ, மறுபடி கேட்கவில்லை.

கடைசியில் ஊரைக் காப்பாற்றியவனை ஒருவரும் இரு என்று சொல்லவில்லை. அவன் தனியாகக் குதிரையைத் திருப்பினான். அப்போது மணி கேட்ட அதே மனிதர் கத்தினார்: "டேய், போயிடாதடா!"

சுத்தத் தமிழ். யாரும் எழவில்லை, அடிக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விளக்கு எரிந்தபோது எல்லாரும் தலைகுனிந்து வெளியேறினோம்.

அண்ணன் நேராக எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். மறுமுனையில் அண்ணியின் குரல் கேட்டது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்குள் ஒரு நாளும் கன்னடம் பேசாத அந்த மனிதர், வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, கட்டின மனைவியிடம் சொன்னார்: "மக்களன்ன கர்க்கொண்டு பா."