ஊருக்குக் கிளம்பும் பெட்டிகள்

என் கணவர் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, புதுப்பட்டினத்தில் நாங்கள் கட்டியிருந்த வீட்டுக்குக் குடிவந்தோம். இருவருக்குமே சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அங்கேயே போய்விடலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். மகள் சிறுசேரியில் வேலை பார்க்கிறாள், பக்கத்திலேயே இருப்போம் என்றார். மகள் ஒரு காரணம்தான். மாமல்லபுரம் போகும் சாலையில் பழைய சாமான் விற்கும் கடைகள் இருக்கின்றன. அவற்றை விட்டு வர அவருக்கு மனமில்லை என்பது எனக்குத் தெரியும்.

அவர் வாங்கியதெல்லாம் பெட்டிகள். பித்தளை வெற்றிலைப் பெட்டி. கோயில் கூரை மாதிரி மூடி வைத்த மலையாளத்து நகைப்பெட்டி. யாரோ பர்மாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த அரக்குப் பெட்டி. ரோஜாப் பூ வரைந்த தகரப் பெட்டி ஒன்று, மூடியில் பாதிப் பூ உதிர்ந்துபோனது. கூடத்துச் சுவர் முழுக்கப் பலகை அடித்து அவற்றை அடுக்கி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, கீலுக்கு எண்ணெய் விடுவார். அவற்றுக்குள் எதையும் போடக் கூடாது. ஒருமுறை நான் வெற்றிலைப் பெட்டியில் ஊசி நூலைப் போட்டு வைத்ததற்கு, சாமான் போட்டால் அது வெறும் டப்பாவாகிவிடும் என்று கோபித்துக்கொண்டார்.

அதனால்தான் நகைப்பெட்டிக்குள் தோசை கிடந்தபோது நான் பயந்துபோனேன். வேலைக்கு வரும் பெண்தான் கண்டுபிடித்தாள்.

“ம்மா, இன்னா இது, பொட்டிக்குள்ள தோசைய வச்சிக்கீறாரு ஐயா. எறும்பு மொய்க்குது பாரு.”

அவரிடம் கேட்டேன். வழிக்குச் சாப்பாடு என்றார். யாருடைய வழிக்கு என்று கேட்டதற்கு என்னையே பார்த்தார். அதன் பிறகு பெட்டிகளுக்குள் என் மூக்குக் கண்ணாடி கிடந்தது. என் சேலை ஒன்று மடித்து வைத்திருந்தது. சீப்பும் பவுடர் டப்பாவும் அரக்குப் பெட்டிக்குள் இருந்தன. எல்லாம் என்னுடையவை. அவருடைய பொருள் ஒன்றுகூட இல்லை.

செங்கல்பட்டு டாக்டர் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மறதி நோய் என்று சொன்னார். நாளாக நாளாகக் கூடும், குறையாது என்றார். திரும்பி வரும் வழியில் மகள் காரை ஓட்டிக்கொண்டே அழுதாள். அவர் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஒரு நாள் காலை காப்பி கொடுத்தபோது, இரண்டு கையாலும் தம்ளரை வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“தப்பா நெனைக்காதீங்க. நீங்க எப்பம் கெளம்புதீங்க? பெட்டியெல்லாம் கட்டி வச்சிருக்கே. ரயிலு எப்பம்னு சொன்னா நானே கொண்டாந்து விடுதேன்.”

அவர் என்னை ஒருநாளும் ‘நீங்க’ என்று கூப்பிட்டதில்லை. கல்யாணமான முதல் வாரத்தில்கூட இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. சுவர் நிறைய இருந்த பெட்டிகள் அவருக்கு ஊருக்குக் கிளம்புகிறவர்களின் பெட்டிகளாகத் தெரிந்திருக்கின்றன. வீட்டில் தங்கியிருக்கும் ஒரு அம்மாள் புறப்படப் போகிறாள், அவளுடைய சாமான்களை எடுத்து வைத்து உதவ வேண்டும். அந்த அம்மாள் நான். நான் எங்கேயும் போகவில்லை என்றேன். சங்கடத்தோடு தலையாட்டினார். விருந்தாளி கூடுதலாகத் தங்கப்போவதாகச் சொன்னால் முகம் சுளிக்காமல் இருக்கப் பார்ப்போமே, அந்த மாதிரி.

மாலையானால் அவருக்குப் பதற்றம் வந்துவிடும். வாசலுக்கும் கூடத்துக்கும் நடப்பார். வண்டி போய்விடும் என்பார். கேட்டைப் பூட்டி வைத்தோம். ஒரு நாள் நான் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போன நேரத்தில், எப்படியோ திறந்துகொண்டு போய்விட்டார். தெருத்தெருவாகத் தேடினேன். மகளுக்கு போன் செய்தேன். வேலைக்கு வரும் பெண் கடற்கரைப் பக்கம் ஓடினாள். எனக்கு அங்கே போகத் தைரியம் வரவில்லை.

இருட்டுகிற சமயத்தில் செங்கல்பட்டு ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. அவர் சட்டைப் பையில் என் நம்பரை எழுதித் தைத்திருந்தோம். பேசியது ரயில்வே போலீஸில் இருக்கும் ஒரு பெண்.

“இங்க பெரியவரு ஒருத்தரு பொட்டிய மடில வச்சிகினு குந்திகினு கீறாரும்மா. கேட்டா, வூட்டுக்கு வந்த அம்மாவ ரயிலேத்த வந்தேன்றாரு. அந்தம்மா இன்னும் வரலையாம். ரயிலு போவப்போவ அழுவுறாரு.”

மகள்தான் முதலில் போய்ச் சேர்ந்தாள். நான் போனபோது அவர் பிளாட்பாரத்து பெஞ்சில் ரோஜாப்பூ தகரப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் வந்திருக்கிறார். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, கடைசி வண்டியும் போய்விட்டதே என்று வருத்தப்பட்டார். பரவாயில்லை, நாளைக்குப் போய்க்கொள்கிறேன் என்று சொல்லித்தான் அவரை வீட்டுக்குக் கூட்டிவர முடிந்தது.

பெட்டிகளைக் கண்ணில் படாமல் எடுத்துவிடுங்கள் என்றார் டாக்டர். பரணில் ஏற்றி வைத்துப் பார்த்தேன். ஆனால் அவர் பரணிலும் தேடினார், கட்டிலுக்கு அடியிலும் தேடினார். கடைசியில் மாமல்லபுரம் சாலைக் கடைக்காரரையே வரச் சொன்னேன். மகள் தகப்பனாரைக் கோயிலுக்கு அழைத்துப்போன நேரத்தில், கடைக்காரர் ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றி வேனில் ஏற்றினார். சுவரில் பெட்டிகள் இருந்த இடமெல்லாம் வெளுப்பாகச் சதுரம் சதுரமாகத் தெரிந்தது.

கோயிலிலிருந்து திரும்பி வந்தவர் கூடத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு சோபாவில் உட்கார்ந்தார்.

“சொல்லாமப் போயிட்டாங்களே,” என்றார்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“நல்ல பொம்பள. நான் ஏதும் மனசு நோகப் பேசிட்டேனோ?”

“இல்ல. சந்தோசமாத்தான் போனாங்க,” என்றேன்.

“உங்ககிட்ட சொல்லிட்டா போனாங்க?”

“ஆமா.”

கொஞ்ச நேரம் அழுதார். நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, நீங்கள் நர்சம்மாவா என்று கேட்டார். மகள் வாசற்படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று சொன்னேன்.

டாக்டர் சொன்னது சரிதான். அன்றிலிருந்து மாலைப் பதற்றம் போய்விட்டது. நன்றாகச் சாப்பிட்டார், தூங்கினார். குளிப்பாட்டும்போது முரண்டு பிடிக்கவில்லை, நர்சிடம் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்தார். உங்களுக்குக் குடும்பம் எங்கே என்று சில நாள் விசாரிப்பார். திருநெல்வேலி என்பேன். அவருக்கும் அந்தப் பக்கம்தான் என்று சந்தோஷப்படுவார். மகள் இதை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தி, பழையபடி அவர் வாசலுக்கும் கூடத்துக்கும் நடப்பதைப் பார்க்க என்னால் முடியாது என்றேன்.

ஐப்பசி மழையில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பக்கத்துக் கட்டில்காரரின் சம்சாரம், இவங்க உங்களுக்கு என்ன வேணும் என்று அவரிடம் கேட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டே, நர்சம்மா, ரொம்ப நல்லவங்க என்றார். அந்த அம்மாள் என் கழுத்தில் கிடந்த தாலியைப் பார்த்தாள். அந்த வாரமே அவர் போய்விட்டார்.

உடலை ஒப்படைக்கும்போது, இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்று ஆஸ்பத்திரி ஆள் கேட்டார். மனைவி என்றேன். காதில் விழாமல் மறுபடி கேட்டார். மறுபடியும் சொன்னேன். மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வெளியே மழை விடவில்லை. வண்டி வரும்வரை இருவரும் வராந்தாவில் நின்றோம்.