பீன்ஸ் பாத்தியில் ராட்சதப் பறவை

போன வருட மழைக்காலம். நோர்வூட் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு மேலே மண் சரிந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. வேனில் ஒருவர் வந்து இறங்கினார். துணி சுற்றிய எலும்பொன்றைக் காட்டி, அந்தச் சரிவில் எடுத்தேன், அழிந்துபோன ராட்சதப் பறவையின் கால் இது என்றார்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள் நான். போனைத் திறந்தாலே யானைப் பறவை, மோவா என்று அழிந்துபோன ராட்சதப் பறவைகளைத்தான் தேடுவேன். எங்கள் மலைப் பாறையில் புதைபடிவம் கிடைப்பது அபூர்வம் என்றும் படித்திருந்தேன். ஆனாலும் ஆசை விடவில்லை.

மிச்ச எலும்புக்காகப் பக்கத்து வீட்டு அக்காவின் பீன்ஸ் பாத்தியைத் தோண்ட வேண்டுமாம். பாத்திக்கு நேர் கீழேதான் அக்கா கைக்குழந்தையோடு இருக்கும் ஒற்றை அறைக் காம்பரா. மேட்டில் ஏற்கெனவே வெடிப்பு விட்டிருந்தது.

"தங்கச்சி, நீங்க படிச்சவங்க. அக்காவுக்கு எடுத்துச் சொல்லுங்க. தோட்டத்துத் துரைக்கு மட்டும் இப்போதைக்குத் தெரிய வேணாம்."

அந்தக் கடைசிப் பேச்சு உறுத்தியது. பாத்திக்கு வேலி போடுவதென்றாலே தோட்ட ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போடுவோம். இவருக்கு ஏன் ஒளிவுமறைவு?

"இது யானைப் பறவையா, மோவாவா?" என்று கேட்டேன்.

"ரெண்டும்தான்."

ஒன்று மடகஸ்கார், மற்றது நியூசிலாந்து. இரண்டும் வேறு வேறு இனம். நான் அதைச் சொன்னபோது அங்கே வந்து நின்ற அக்கா குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்து என் பீன்ஸ் பாத்தியிலதான் சாகணும்னு இருந்துச்சாக்கும்" என்றார்.

நான் துணியில் கைவைத்தேன்.

"தொடாதீங்க, ஒடைஞ்சிரும்."

"என் பாத்தியையே ஒடைக்க வந்துட்டு, எலும்புக்குப் பயமா?" என்று அக்காவே துணியை இழுத்துவிட்டார்.

அந்தப் பறவைகளுக்கு முன்பக்கம் மூன்று விரல். அதனால் கால் எலும்பின் அடியிலும் விரல்கள் பொருந்த மூன்று முண்டு இருக்கும். இதில் இரண்டுதான். இரட்டைக் குளம்புக்கு உரிய இரண்டு.

"இது மாட்டு எலும்புக்கா" என்றேன்.

வந்தவர் எலும்பைத் துணியில் சுருட்டிக்கொண்டு போனார். வேன் கதவைத் திறந்தபோது உள்ளே மண்வெட்டிகளும் மண்ணிலிருந்து மாணிக்கக்கல் அரித்தெடுக்கும் கூடைகளும் தெரிந்தன.

எல்லாரும் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள். ஆனால் அவர் மட்டும் "யானைப் பறவை" என்று ஒரே பெயரைச் சொல்லியிருந்தால், அக்காவிடம் நானே கெஞ்சி அந்தப் பாத்தியை வாங்கிக் கொடுத்திருப்பேன். இப்போதும் யாராவது எனக்குப் பிடித்ததையே பேசிக்கொண்டு வந்தால், அவரைச் சந்தேகப்படும் முன் என் சந்தோஷத்தைத்தான் சந்தேகப்படுகிறேன்.