பெயின்ட் காயாத அறை

ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லைக் கிராமங்கள் எந்தப் பக்கம் என்று முடிவாகாமல் கிடந்த வருஷங்களில், நான் சித்தூரிலிருந்து ஒரு மெட்ராஸ் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். வாடகை வீட்டில் இரண்டே அறை. உள் அறையின் கதவு, ஜன்னல், அலமாரி எல்லாவற்றின் வெடிப்பிலும் மூட்டைப்பூச்சி. மனைவிக்குப் பிரசவம் நெருங்கியிருந்தது. வெடிப்புகளை அடைத்து, மரத்துக்கும் சுவரின் கீழ்ப் பாதிக்கும் எண்ணெய்ப் பெயின்ட் அடிக்கச் சொன்னேன். ஒரு பூச்சு போதும் என்றார் பெயின்டர். இரண்டு வேண்டும் என்றது நான்.

அவர் நகரிப் பக்கத்து ஆள். முடித்துவிட்டுக் கை துடைத்துக்கொண்டே சொன்னார்: "சுண்ணாம்பு மாதிரி நெனச்சிக்காத சார். இதுல டர்பன்டைன் கீது. கதவு ஜன்னல் ரெண்டையும் தொறந்து வுட்டு காத்து ஓடணும். நெடி போறவரைக்கும் யாரும் படுக்கக் கூடாது."

"எத்தினி நாள்?"

"வெயிலடிச்சா நாலு. மழை புடிச்சிக்கினா எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது."

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. தரை நனைகிறதென்று ஜன்னலை நானே சாத்தினேன். மறுநாள் விடியற்காலை மனைவிக்கு வலி கண்டது. சித்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் நாள் இருவரையும் அழைத்து வந்தேன். மனைவி தாய் இல்லாதவள் என்பதால் அவளுடைய அக்கா புத்தூரிலிருந்து வந்திருந்தார். அறைக்குள் நுழைந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்தினார். "புதுப் பெயின்ட், போயிடும்" என்றேன். பெயின்டர் சொன்னதைச் சொல்லவில்லை. சொன்னால் முன் அறையைக் கேட்பார். அங்கே என் மேஜையும் காகிதங்களும் இருந்தன. மறுநாள் காலை சத்தியவேடு பக்கத்தில் ஒரு கூட்டம் என்று பஸ் ஏறிவிட்டேன்.

மூன்றாம் நாள் பகலில் திரும்பினேன். தெருக் கதவைத் திறந்ததுமே மூக்கு எரிந்தது. உள் அறையின் ஜன்னல் இடுக்கு முழுவதும் பழந்துணி திணித்திருந்தது. கதவின் கீழே சாக்கு. நான்கு மூலையிலும் பாதியாக நறுக்கிய வெங்காயம். மனைவி சுவர் பக்கம் திரும்பிக் கிடந்தாள்.

"தலை பொளக்குதுங்க" என்றாள். இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தாள். காலையிலிருந்து குழந்தை பால் குடிக்கவில்லை, அழவுமில்லை. உள்ளங்காலைச் சுண்டினால் காலை இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

"ஜன்னி தம்பி" என்றார் அக்கா. "எங்கியோ காத்து பூருது. நேத்து தலைவலின்னா, ஜன்னலை அடைச்சேன். இன்னிக்கு வாந்தி, கதவையும் அடைச்சிட்டேன். கொல்லைத் தாவாரத்துல நெருப்பு போட்டுக் கீறேன், சட்டியில கொண்டாந்து வெச்சா சரியாப்பூடும்."

"ஜன்னலைத் தொறங்க அக்கா. பெயின்ட் நெடி தாங்கல."

"எங்க அடிக்குது நெடி? வெங்காயம் இஸ்துக்கிச்சே!"

மூச்சை இழுத்துப் பார்த்தேன். வந்து சில நிமிஷங்கள்தான் ஆகியிருந்தன. எனக்கும் அடிக்கவில்லை. அக்கா சொல்வது சரியோ என்று அந்த இடத்தில் நின்று யோசித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

மழைக்கு விட்டுப்போன ஏணியை எடுக்கப் பெயின்டர் கொல்லைப்புறமாக வந்தார்; சத்தம் கேட்டு நான் வெளியே போனேன். சாத்திய ஜன்னலைப் பார்த்தார்.

"சார்! உள்ள ஆளு கீதா?"

"பிள்ளை பெத்தவ இருக்கா. தலைவலி, வாந்தி."

அவர் கிணற்றடி வாளியைத் தூக்கி நெருப்பின் மேல் கொட்டினார். அக்கா ஓடி வந்தார்.

"டேய், பச்ச ஒடம்புக்காரிக்கு மூட்டின நெருப்புடா!"

"டர்பன்டைன் நெடிக்குள்ள நெருப்பு எடுத்துக்கினு போனா குப்புனு புடிக்கும், யம்மா. ஜன்னலைத் தொற."

"வெங்காயம் வெச்சிக் கீது."

"வெங்காயத்த சாம்பார்ல போடு."

"நீ புள்ள பெத்தியாடா?"

"பெயின்ட் அடிச்சி மயங்கி வுழுந்துக் கீறேன். இதே தலைவலி, இதே வாந்தி. வெளிய இஸ்து போட்டாங்க, பொழைச்சேன்."

அக்கா உள்ளே போய் ஜன்னலில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். "என் மொதல் புள்ளைய இப்பிடித்தான், புழுங்குதுன்னு தொறந்து வெச்சி காத்துக்குக் குடுத்தேன். இதையும் குடுக்க மாட்டேன்."

அவர் பின்னாலேயே உள்ளே போனேன். நான்தான் சொன்னேன்: "பெயின்டர் அன்னிக்கே சொன்னாரு அக்கா. நெடி போறவரைக்கும் யாரும் படுக்கக் கூடாதுன்னு. நான் ஒங்ககிட்ட சொல்லல."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலை விட்டு வந்து குழந்தையைத் தூக்கினார்.

ஜன்னல் திறக்கவில்லை. காயாத பெயின்ட் கதவையும் சட்டத்தையும் ஒட்டியிருந்தது. வெளியிலிருந்து பெயின்டர் ஒரு தகரத் தகட்டை இடுக்கில் விட்டு அறுக்க, உள்ளிருந்து நான் தோளால் இடித்தேன். திறந்தபோது சாரல் முகத்தில் அடித்தது. அப்போதுதான், பழகிப் போயிருந்த என் மூக்குக்கு அறையின் நெடி மறுபடி தெரிந்தது.

மேஜையைக் காகிதங்களோடு முற்றத்துக்குத் தள்ளினேன். மழையில் அவை ஊறின. முன் அறையில் வாசற்கதவைத் திறந்து வைத்து இருவரையும் கிடத்தினோம். பெயின்டர் சைக்கிளில் டாக்டருக்குப் போனார். அக்கா குழந்தையின் காதைத் துணியால் சுற்றி, முகத்தை மட்டும் வாசல் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார். உதடு அசைகிறதா என்று மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அசையவில்லை.

டாக்டர் வந்து குழந்தையின் மார்பில் குழாய் வைத்துக் கேட்டார். மருந்து வேண்டாம், நல்ல காற்று போதும் என்றார். தாய்ப்பாலைத் தொட்டு உதட்டில் வைத்துக்கொண்டே இருக்கச் சொன்னார். அந்த அறைக்குள் ஒருவரும் போகக் கூடாது என்றார். அவர் போய் வெகுநேரம் வரை ஒன்றுமில்லை. தெரு விளக்கு ஏற்றுகிற நேரத்தில் குழந்தை தும்மியது. முகம் சுருங்கியது. சத்தம் பிறகு வந்தது, மிகச் சின்னதாக. மனைவி இழுத்து அணைத்துக்கொண்டாள். குடித்தது.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஜன்னலை அடைத்த அதே கையை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயின்ட் ஒட்டியிருந்தது.

"தம்பி," என்றார். "இன்னும் ஏதாச்சும் சொல்லாம வெச்சிருக்கீங்களா?"